நீரும் நஞ்சும் – 11: கிளிஞ்சலுக்கு மசியாத தண்ணீர்

கிளிஞ்சல் ஓட்டைப் பொடித்துப் போட்டால் தண்ணீரிலுள்ள ஈயமும் காட்மியமும் ஏன் அதில் ஒட்டிக்கொள்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும் கார்பனேட், ஈயத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாக ஓட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். காட்மியம் உருவத்தில் கால்சியத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் குப்பையாகக் குவியும் பொருளுக்கு இது நல்ல வேலைதான். ஈயம் ஏறிய ஓட்டைப் பிறகு எங்கே கொட்டுவது என்பது மட்டும் பாக்கி.

இதே வித்தையைத் தர்மபுரிக்குக் கொண்டுபோனால்? அங்கே பெரிய தொல்லை உலோகம் அல்ல, புளோரைடு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் முன்பற்களே அதைச் சொல்லிவிடும். முதலில் சுண்ணாம்பு தீட்டினாற்போல் வெள்ளைத் திட்டு. முற்றினால் குறுக்குவாட்டில் காவிக் கோடு. எந்தப் பற்பசைக்கும் அது போகாது. மேலே படிந்த கறையாக இருந்தால்தானே போக! ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில் ஏறியது அது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் கணக்கு. இருபது வயதில் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவரும் ஊர்த் தண்ணீரைப் பல்லில் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறார். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். இந்தியாவில் இந்த நோய் 1937-லேயே பதிவாகிவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறிந்து எழுதியவர்கள் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும்.

தர்மபுரியின் அடியில் இருப்பது மிகப் பழைய பாறை. அதிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் புளோரின் உண்டு. வறண்ட பூமியில் நிலத்தடி நீரின் கால்சியம் சுக்கான் கற்களாக மண்ணிலேயே பிரிந்துவிடுகிறது. கால்சியம் தாராளமாக இருந்திருந்தால் புளோரைடைக் கட்டிப்போட்டிருக்கும். அது போனதும் கடிவாளம் போயிற்று.

அப்படியென்றால் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடாதா, கிளிஞ்சல்தான் மலிவாயிற்றே என்று தோன்றும். இங்கேதான் இடறுகிறது. கால்சியம் புளோரைடு தூய நீரில் கரைந்தே லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் புளோரைடை விட்டுவிடும். நமக்கு வேண்டியதோ 1 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 1.5 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. 3, 4 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் ஓட்டுப்பொடி போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. காய்ச்சினாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற அளவு ஏறும். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையிலும் சுண்ணாம்பு எடுபிடிதான், புளோரைடைப் பிடிப்பது படிகாரம்.

ஆனால் கிளிஞ்சலை வேறு பொருளாக மாற்றலாம். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று ஆவி கிளம்ப, ஓடு விரிந்து மாவாக உதிரும். அந்த நீற்றுச் சுண்ணாம்பில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, காரம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் வெள்ளைக் குழைவு ஒன்று திரளும். அது ஹைட்ராக்சிஅபடைட். நம் பல்லும் எலும்பும் எதனால் ஆனவையோ அதேதான். பிள்ளையின் பல்லில் போய் ஏறும் புளோரைடு, அதற்கு முன்பே வடிகட்டியிலுள்ள இந்தப் போலிப் பல்லில் ஏறிக்கொள்ளும். தான்சானியாவிலும் கென்யாவிலும் எலும்புக் கரியால் புளோரைடை வடிகட்டுவதும் இதே கணக்குத்தான். எலும்பில் வடிந்த தண்ணீரை நம்மூரில் பலர் தொடமாட்டார்கள். கிளிஞ்சலும் ஓர் உயிரின் கூடுதான். ஆனாலும் வெற்றிலையோடு காலங்காலமாக வாய்க்குள் போய்வந்த பொருள், ஆட்சேபம் எழாது என்று நினைக்கிறேன். அமிலச் செலவும், தீர்ந்துபோன பொடியை மாற்றுகிற வேலையும் யார் தலையில் விழும் என்பதுதான் சிக்கல். பொருளை மாற்ற ஆளில்லாத ஊரில் எந்த வடிகட்டியும் வெறும் குழாய்தான்.

அரசு எடுத்த வழி வேறு: நல்ல தண்ணீரையே கொண்டுவருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் முடிந்து 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் போகிறது. இந்த வழிதான் சரி என்பது என் கட்சி. கிளிஞ்சலைவிடக் காவிரி நம்பகமானது.

ஆனால் மேல்நிலைத் தொட்டியில் ஒரு கண் வேண்டும். தண்ணீர் போதவில்லையென்று போர் தண்ணீரைச் சரிபாதி கலந்தால் என்ன ஆகும்? போரில் 3 மில்லிகிராம், ஆற்றில் 0.3 என்று வைத்துக்கொண்டால் குழாயில் வருவது 1.65. வரம்பைத் தாண்டியாயிற்று. சோதிப்பது சிரமமில்லை, களச் சோதனைப் பெட்டியின் மருந்தை ஊற்றினால் இளஞ்சிவப்பு நிறம் வரும், புளோரைடு கூடக்கூட அது மஞ்சளுக்கு மாறும். தொட்டிக்குப் போகும் தண்ணீரை அல்ல, தெருக்குழாயில் விழும் தண்ணீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை யார், எப்படிச் செய்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)