ஓடும் மழைநீரை நடக்க வைப்போம்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெய்த பெருமழையைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். தாழ்வான குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. “முன்பும் இப்படி மழை பெய்ததுண்டு, ஆனால் இவ்வளவு விரைவில் தண்ணீர் தெருவில் நின்றதில்லையே!” என்று முதியவர்கள் கூறுவதைக் கேட்கிறோம். இக்கூற்றில் உண்மை உண்டா? இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஒரு சிறு சோதனை

இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புல் முளைத்த மண்ணை நிரப்புங்கள். மற்றொன்றில் ஒரு சிமெண்டுப் பலகையை வையுங்கள். இரண்டையும் சற்றுச் சாய்வாக நிறுத்தி, ஒவ்வொன்றின்மீதும் ஒரு குவளை நீரைப் பூவாளியால் தெளியுங்கள். சிமெண்டின் மீது விழுந்த நீர் சில விநாடிகளில் ஏறக்குறைய முழுவதும் கீழே வந்துவிடும். மண் தட்டிலிருந்து வருவதோ சிறிதளவே. அதுவும் தாமதமாகவே வரும்.

விழுந்த மழையில் வழிந்தோடும் பங்கினை ‘வழிவுக் கெழு’ என்கிறோம். அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் மல்வனி 1850ஆம் ஆண்டளவில் இக்கருத்தைப் பயன்படுத்தி வெள்ளத்தின் அளவைக் கணக்கிட வழி கண்டார். தோட்டத்திற்கு இக்கெழு ஏறத்தாழ 0.2 எனவும், கான்கிரீட்டுக் கூரைக்கும் தார்ச்சாலைக்கும் 0.9 எனவும் கொள்ளலாம்.

சென்ட் கணக்கு

நம் ஊரில் நிலத்தைச் சென்டில் அளக்கிறோம். 1 சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர். அதன்மீது 1 செ.மீ. மழை பெய்தால் கிடைப்பது 405 லிட்டர் நீர். 10 சென்ட் மனையில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 20,000 லிட்டர். அம்மனை தென்னையும் வாழையும் நிற்கும் தோட்டமாயின் தெருவுக்கு வருவது 4,000 லிட்டர். முழுவதும் கட்டடமும் சிமெண்டு முற்றமும் ஆகிவிட்டால் 18,000 லிட்டர். மழை மாறவில்லை, ஆனால் சாக்கடையின் சுமை நான்கரை மடங்காகிவிட்டது!

வயல்களின் கதை இன்னும் வியப்பானது. நாஞ்சில் நாட்டில் கும்பப்பூப் பயிர் வயலில் நிற்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை வருகிறது. வரப்பு 15 செ.மீ. உயரம், வயலில் முன்பே 5 செ.மீ. நீர் நிற்கிறது என வைத்துக்கொள்வோம். மீதி 10 செ.மீ. இடத்தில் ஓர் ஏக்கர் வயல் 4,05,000 லிட்டர் மழைநீரைத் தாங்கும். அதாவது ஒவ்வொரு வயலும் ஓர் ஆழமற்ற குளமே. அவ்வயலை மண்ணிட்டு உயர்த்தி மனைகளாகப் பிரிக்கும்போது, இக்குளம் மறைவதோடு அதில் நிற்க வேண்டிய நீர் அடுத்தவர் வாசலுக்குச் செல்கிறது. நாஞ்சில் நாட்டின் நெல் வயல்கள் பெரிதும் சுருங்கியிருப்பதை எண்ணும்போது, முதியவர்களின் கூற்று வெறும் பழம்பெருமை அன்று என்பது விளங்கும்.

அளவு மட்டுமன்று, வேகமும் முக்கியம். மண்ணிலும் புல்லிலும் தயங்கித் தயங்கி வரும் நீர் பல மணி நேரத்தில் ஓடையை அடையும். வழுவழுப்பான பரப்பில் எல்லாத் தெருக்களின் நீரும் ஒரே சமயத்தில் வந்து சேர்வதால் ஓடை கரை புரள்கிறது.

நீர் சுமந்து செல்வது என்ன?

கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையை ஒரு கண்ணாடிக் குவளையில் தெரு ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். கறுத்த நீரைக் காண்பீர்கள். வாகனங்கள் சிந்திய எண்ணெய், தேய்ந்த டயரின் தூள், சாணம், குப்பை, நுண்ணிய மண் ஆகியவை அதில் உள்ளன. சாக்கடை நீரும் இத்துடன் கலந்து பழையாற்றை அடைகிறது. பழையாறு ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாகச் சென்று மணக்குடியில் கடலில் கலக்கிறது. அருகிலுள்ள சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் வலசைப் பறவைகள் தங்குமிடம். 2022ஆம் ஆண்டில் அது ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கழிவிலுள்ள பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகள் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது குளத்தை மூடிப் பின் அழுகும்போது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகி மீன்கள் மடிகின்றன.

குளம் ஒரு வடிகட்டி

குளங்கள் இந்த அழுக்கை ஓரளவு நீக்கவல்லவை. எப்படி? 1851ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் கண்ட விதிப்படி, நீரில் மூழ்கும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.1 மி.மீ. மணல் துகள் 1 மீட்டர் ஆழத்தைக் கடக்க ஏறத்தாழ 2 நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டலுக்குச் சுமார் 3 மணி நேரம் வேண்டும். 0.001 மி.மீ. களிமண் துகளுக்கோ 13 நாட்கள்! நச்சு உலோகங்கள் பெரும்பாலும் இந்த நுண்துகள்களிலேயே ஒட்டியுள்ளன. ஆகவே நீர் அசையாமல் நிற்கும் இடமும் காலமும் தேவை.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். துகள் படிவதற்குக் குளத்தின் ஆழத்தைவிடப் பரப்பே முக்கியம். ஆழத்தைக் கூட்டினால் நீர் நெடுநேரம் தங்கும். ஆனால் துகள் கீழிறங்க வேண்டிய தொலைவும் அதே அளவு கூடிவிடும். எனவே குளத்தின் ஓரத்தை ஆக்கிரமித்துவிட்டு, “ஆழப்படுத்திச் சரிக்கட்டிவிட்டோம்” என்று கூறுவது இவ்வகையில் பொருந்தாது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எனினும் அதன் எல்லையை அறிந்துகொள்வது நல்லது. 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குழியைச் சல்லியால் நிரப்பினால், இடைவெளிகளில் கொள்வது 600 லிட்டர் அளவே. நீர் மண்ணில் இறங்க இறங்க மேலும் ஏற்கும் என்றாலும், பெருமழையில் விரைவில் நிரம்பிவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கும் தாழ்ந்த இடங்களில் அதன் பயன் இன்னும் குறைவு.

ஆகவே பல படிகள் தேவை. முற்றம் முழுவதும் சிமெண்டு பூசாமல் மண்ணும் மரமும் விடுதல் முதற்படி. தெரு ஓரத்தில் புல் வளர்ந்த ஆழமற்ற வாய்க்கால் அடுத்தது. புல் நீரின் வேகத்தைக் குறைத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். குளத்தில் நீர் நுழையுமுன் வண்டல் தங்க ஒரு சிறு தொட்டி அமைத்து, மழைக்காலத்திற்கு முன் தூர் வார வேண்டும். சாக்கடை நீரை மழைநீரிலிருந்து பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எஞ்சிய வயல்களையும் குளங்களையும் அவற்றின் மறுகால்களையும் காக்க வேண்டும். சீன நாட்டில் சென்ற பத்தாண்டில் ‘பஞ்சு நகரம்’ என்ற பெயரில் இத்தகைய முறைகளை நகரங்களில் கையாளத் தொடங்கினர். நம் முன்னோர் வரப்பும் குளமும் கட்டியபோது அப்பெயரை அறியார்; வேலையை அறிந்திருந்தனர்.

அடுத்த மழையின்போது உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். உங்கள் மனையில் விழுந்த நீர் நடந்து செல்கிறதா, ஓடிச் செல்கிறதா? எத்தனை சென்ட், எத்தனை செ.மீ. மழை என்று கணக்கிட்டால், தெருவில் நிற்கும் வெள்ளத்தில் உங்கள் பங்கு எத்தனை லிட்டர் என்பதும் தெரிந்துவிடும்.