காலடியில் கொதிக்கும் சக்தி

பேராக்கில் உள்ள சுங்கை கிளா சுடுநீர்க் குளத்திற்குப் போனவர்களுக்குத் தெரியும். கூடையில் முட்டையை வைத்து ஊற்றில் இறக்கினால் சிறிது நேரத்தில் வெந்துவிடும். அடுப்பும் இல்லை, கேஸும் இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? முட்டை அவிப்பதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லையா? இன்றைய அரங்கில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்.

பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு ஏறும். பொதுவாக, ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே கீழே இறங்கி, சூடேறி, மீண்டும் மேலே வருவதே சுடுநீர் ஊற்று. எரிமலைப் பகுதிகளில் உருகிய பாறைக்குழம்பு அருகில் இருப்பதால், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே 200 பாகைக்கு மேல் வெப்பம் கிடைக்கும். அங்கே கிணறு தோண்டினால் நீராவி பீறிட்டு எழும். அது டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கும். எஞ்சிய நீரை மீண்டும் நிலத்துக்குள் செலுத்திவிடுவார்கள். வெயிலையும் காற்றையும் நம்பியிராமல் இரவும் பகலும் இயங்குவதே புவிவெப்ப சக்தியின் தனிச்சிறப்பு.

நம் அண்டை நாடுகள் இதில் முன்னோடிகள். மேற்கு ஜாவாவின் காமோஜாங்கில் டச்சுக்காரர்கள் 1926-இல் தோண்டிய கிணற்றிலிருந்து இன்றும் ஆவி வந்துகொண்டிருக்கிறது. அங்கு 1983-இல் மின்நிலையம் எழுந்தது. இன்று புவிவெப்ப மின்சாரத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தோனீசியாவுக்கு. மூன்றாம் இடம் பிலிப்பைன்ஸுக்கு.

பிலிப்பைன்ஸ் எப்படி முன்னுக்கு வந்தது? 1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது அந்நாடு திணறியது. 1976-இல் அரசாங்கமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி ஆய்வில் இறங்கியது. 1977-இல் லேய்த்தே தீவில் 3 மெகாவாட் அளவில் ஒரு சிறு நிலையம் இயங்கியது. இன்று நாடு முழுவதும் அந்த உற்பத்தித் திறன் ஏறக்குறைய 1,900 மெகாவாட்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. புவிவெப்பத்தில் பெரும் செலவு தொடக்கத்திலேயே வந்துவிடும். ஒரு கிணறு தோண்டவே பல மில்லியன் டாலர் ஆகும். தோண்டிய பிறகுதான் ஆவி இருக்கிறதா என்பது தெரியும். இல்லையென்றால் போட்ட பணம் போனதுதான்.

நம் நாட்டில் நடந்ததையும் பாருங்கள். சபாவில், தாவாவ் அருகே அப்பாஸ் கிரியில், பழைய எரிமலை நிலத்தில் 30 மெகாவாட் நிலையம் அமைக்கத் திட்டமிட்டார்கள். நாட்டின் முதல் புவிவெப்ப மின்நிலையமாக அது இருந்திருக்கும். 2018-இல் பணித்தளம் கைவிடப்பட்டுக் கிடப்பது தெரியவந்தது. மின்தடைக்குப் பழகிப்போன கிழக்குக் கரை மக்களுக்கு அது பெரிய இழப்பு.

எரிமலை இல்லாத இடத்திலும் வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரின் செம்பவாங் பகுதியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-க்குப் பிறகு தோண்டிய கிணற்றில், 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 பாகை வெப்பம் பதிவானது. இந்தச் சூட்டைச் சீக்கிரம் கொதிக்கும் வேறொரு திரவத்துக்கு மாற்றி, அதன் ஆவியால் டர்பைனைச் சுழற்றலாம். காப்பிக்கொட்டை, கொப்பரை உலர்த்தலாம். வெப்பத்தால் இயங்கும் குளிரூட்டிகளும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அதுவே பெரிய பயனாகலாம்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2021 ஜனவரியில் வட சுமத்ராவின் சோரிக் மராப்பியில் கிணறு திறக்கப்பட்டபோது நச்சுவாயு வெளியேறி, கிராமவாசிகள் ஐவர் உயிரிழந்தனர். குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம், வாயுவைக் கண்டறியும் கருவி, மக்களுக்கு முன்னறிவிப்பு ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஆகவே, நிலத்தடியில் சூடு உண்டா என்பது மட்டும் அல்ல நம் கேள்வி. முதல் கிணறு ஏமாற்றினால் அந்த நட்டத்தை யார் ஏற்பது? தனியார் தலையில் மட்டும் அதைச் சுமத்தினால் அப்பாஸ் கிரியின் கதி மீண்டும் நேரலாம். ஆய்வுக் கிணறுகளின் செலவை அரசாங்கம் பகிர்ந்துகொள்ள வேண்டும். கிடைக்கும் விவரங்களைப் பொதுவில் வைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்து வருபவர் துணிந்து இறங்குவார். நேயர்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?