ஒரு நாளைக்கு 17 தடவை

மேற்கு மாம்பலத்தில் எங்க வீட்டு மாடியில் மஃரிப் தொழ நின்றால் எலக்ட்ரிக் ட்ரெயின் சத்தம் கேட்கும். அது பிரச்சனையே இல்லை. தக்பீர் கட்டின உடனே மனசு பிளேஸ்மெண்ட் பக்கம் ஓடிடுது, அதுதான் பிரச்சனை. உங்களுக்கும் அப்படியா?

தொழுகையில் மனம் ஒன்றி நிற்பதை 'உள்ளச்சம்' என்போம். ஐந்து வேளை கடமையான தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத், அதாவது 17 சுற்று. ஒவ்வொன்றிலும் ஃபாத்திஹா சூரா, 7 வசனம். சின்ன வயசிலேயே மனப்பாடம் ஆனதால் வாய் தானா ஓதிடும், வைவாவில் டெஃபினிஷன் ஒப்பிக்கிற மாதிரி.

அடியான் இந்த சூராவை ஓத ஓத அல்லாஹ் பதில் சொல்கிறான் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கு. பதில் வருதுன்னா நாம கொஞ்சம் நிறுத்தணும் இல்லையா? இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நான், அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கத்தை எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். இப்போ ஒவ்வொரு வசனமா, பொருளை நினைச்சு, மூச்சு விட்டு ஓதுறேன். ருகூவு, சஜ்தாவிலும் அவசரம் கூடாது. அவசரமாகத் தொழுத ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) திரும்பத் திரும்பத் தொழ வைத்தார்கள்.

நேற்று இஷாவில் மூணாவது ரக்அத் வரை மனசு நின்னுச்சு. நாலாவதில் ப்ராஜெக்ட் ரிவ்யூ ஞாபகம் வந்திருச்சு.