ஊர்ப் பெயர் விலைக்கு!

தூத்துக்குடி வென்றது!

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இரவு சேப்பாக்கம் திடலில் எழுந்த முழக்கம் அது. தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் கிரிக்கெட் போட்டியின் முதலாண்டு இறுதி ஆட்டம். முதலில் ஆடிய தூத்துக்குடி அணி இரண்டே விக்கெட்டுகளை இழந்து 215 ஓட்டங்கள் குவித்தது. எதிர்த்து வந்த சேப்பாக்கம் அணி 93 ஓட்டங்களில் சுருண்டது. தலைநகரத்துக்காரனை அவன் திடலிலேயே மண்கவ்வ வைத்துவிட்டது முத்துநகரம் என்று, மூட்டை தூக்கும் தோழன் முதல் உப்பளத்துத் தோழன் வரை துள்ளினான். நாமும்தான் துள்ளினோம், மறைப்பானேன்?

எங்கே, தோழர்களே, இன்று அந்த அணி?

போட்டியிலே இருக்கும் எட்டு அணிகளின் பெயரையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். சேப்பாக்கம் உண்டு, கோவை உண்டு, மதுரை உண்டு, திருச்சி உண்டு, திண்டுக்கல் உண்டு, திருப்பூர் உண்டு, நெல்லை உண்டு, சேலம் உண்டு. தூத்துக்குடி இல்லை! 2016 முதல் 2019 வரை நான்கு பருவம் நம் ஊர்ப் பெயரைச் சட்டையில் சுமந்தார்கள். 2020ல் கொரோனா வந்தது, போட்டி நடக்கவில்லை. 2021ல் திரை விலகியபோது, தூத்துக்குடி நின்ற இடத்திலே 'சேலம் ஸ்பார்டன்ஸ்' நின்றது. சேலத்துத் தோழர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு மட்டும் அந்த அணி சொந்தமா என்ன?

காரைக்குடி அணி திருப்பூர் அணியானது. திருவள்ளூர் அணி முதலில் காஞ்சி அணியானது, பிறகு நெல்லை அணியானது. சட்டைக்குச் சாயம் மாற்றுவதுபோல ஊரை மாற்றுகிறார்கள்!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். அந்த நான்கு ஆண்டுகளில் தூத்துக்குடி அணியின் ஆட்டம் ஒன்றாவது தூத்துக்குடி மண்ணில் நடந்ததா? நடக்கவில்லை. சேப்பாக்கத்தில் நடந்தது, திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நத்தத்துக் கல்லூரித் திடலில் நடந்தது, நெல்லைக்கு அருகே சங்கர்நகரில், சிமெண்டுக் கம்பெனித் திடலில் நடந்தது. நம் தருவைத் திடல் அவர்கள் கண்ணில் படவேயில்லை. பெயராவது ஒழுங்காக வைத்தார்களா? வெள்ளைக்காரன் வாய்க்கு வராமல் சிதைத்த பெயரை இன்னும் கொஞ்சம் வெட்டி, 'டூட்டி பேட்ரியாட்ஸ்' என்றார்கள். பேட்ரியாட் என்றால் நாட்டுப்பற்றாளன். வ.உ.சி.யின் ஊருக்கு அந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தவர், வ.உ.சி. செய்ததையும் ஒருகணம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அவர் செய்தது என்ன? 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை ஒரு சீமான் வீட்டு இரும்புப் பெட்டியிலே தேடவில்லை. 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 என்று பிரித்தார். கப்பல் விடுவது ஒருவர் காரியமல்ல, ஊரார் காரியம் என்று கருதினார். எதிரே நின்ற வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம் என்றது, குடையும் கொடுத்து அழைத்தது! 1908ல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வென்றது. அதே மார்ச்சில் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911ல் கம்பெனி கலைந்தது. கலைந்தாலும், 'இது யாருடையது?' என்ற கேள்விக்கு அங்கே விடை இருந்தது. கிரிக்கெட் அணியிடம் அதே கேள்வியைக் கேட்டால் விடை என்ன? உரிமப் பத்திரத்தில் கையெழுத்திட்ட முதலாளியுடையது, அவ்வளவே.

முத்துக்குளிப்பிலும் ஒரு கணக்கு இருந்தது. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மீதி சர்க்காருக்கு, அதை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். 1961ல் நடந்த கடைசிக் குளிப்போடு அந்தக் காட்சி முடிந்தது. ஏலம்மட்டும் முடியவில்லை. 2023 முதல் இந்தப் போட்டியிலே ஆட்டக்காரர்களை ஏலம் விடுகிறார்கள். அன்று ஏலத்துக்குப் போனது சிப்பி. இன்று போவது ஆள்.

அமெரிக்காவில் 'பவுலிங்' என்று ஓர் ஆட்டம் உண்டு. கிரிக்கெட் பந்து வீச்சல்ல. வழவழப்பான பலகைத் தளத்தில் கனத்த பந்தை உருட்டி, பத்து முளைகளைச் சாய்க்கும் ஆட்டம். ஆலை விட்டு வரும் தொழிலாளர் வாரம் ஒருநாள் கூடி, பட்டறைக்கொரு கோஷ்டியாக ஆடியது அது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1958ல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 2000ல், மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் பணம் சேர்த்த மூவர் அந்தச் சங்கத்தை 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2019ல் போலரோ என்ற கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனிதான் நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஆட்டக்கூடங்களுக்கும் சொந்தக்காரன்! 2024ல் அது தன் பெயரையும் மாற்றி, 'லக்கி ஸ்ட்ரைக் எண்டர்டெயின்மெண்ட்' ஆகிவிட்டது. தளமும் அவனுடையது, போட்டியும் அவனுடையது என்றானபின், ஆட்டக்காரன் கோபித்துக்கொண்டு எங்கே போவான்? வாரக் கோஷ்டி கட்டி ஆடுவோர் தொகையோ, பழைய நாளோடு பார்த்தால் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது.

அதே அமெரிக்காவில்தான் கிரீன் பே என்ற ஊரும் இருக்கிறது. தூத்துக்குடியைவிடச் சின்ன ஊர். அதன் கால்பந்து அணிக்கு முதலாளி இல்லை. 1923 முதல் பங்குதாரர்கள்தான் உரிமையாளர்கள். பங்குக்கு இலாபம் கிடையாது. ஆனால் அணி ஊரை விட்டுப் போகவில்லை. பெரிய பெரிய நகரத்துக் கோடீஸ்வர அணிகளையெல்லாம் எதிர்த்து இன்றும் ஆடுகிறது. 25 ரூபாய்ப் பங்கு விற்றவரின் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத கணக்கா?

"முதலாளி பணம் போடாவிட்டால் பிள்ளைகளுக்கு ஏது வாழ்வு?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு, ஒதுக்கிவிட மாட்டோம். தூத்துக்குடிச் சட்டையில் ஆடிய வாஷிங்டன் சுந்தர் இந்தியாவுக்கு ஆடினார். மதுரை அணியில் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தியும் அப்படியே. சாய் சுதர்சனை 2023 ஏலத்தில் கோவை அணி 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. அதே ஆண்டு ஐ.பி.எல்.லில் அவர் சம்பளம் 20 லட்சம். திறமைக்குக் கூலி கிடைப்பதைத் தொழிலாளி வெறுப்பானா? நாம் கேட்பது வேறு. ஆட்டக்காரனுக்கு விலை உண்டு, முதலாளிக்கு உரிமை உண்டு. பெயரை இரவல் கொடுத்த ஊருக்கு என்ன உண்டு?

முதலாளியில்லாமலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். இதே மாவட்டத்துக் கோவில்பட்டியைப் பாருங்கள். ஆலைத் தொழிலாளரின் ஊர், ஆக்கி மட்டையின் ஊர். அந்த ஊர் மாரீஸ்வரன் 2022ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் ஆடி, வெண்கலம் வென்ற அணியில் நின்றார். அவரை அங்கே ஏற்றிவிட்டது ஏலமல்ல. ஊரில் ஒரு பயிற்சித் திடல் இருந்தது, பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பிவிட ஆளும் இருந்தது.

கிரிக்கெட் சங்கத்தின் நாற்காலியில் இருப்பவர் அணியிலும் வணிக நலன் வைத்திருக்கலாகாது என்று 2015 ஜனவரியில் உச்சநீதிமன்றமே சொல்லிற்று. நாற்காலிக்கு ஒரு விதி வந்தது. ஊருக்கு ஒரு விதி வர வேண்டாமா? எந்த ஊர்ப் பெயரை எடுத்தாலும், ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது அந்த ஊரில் நடத்து. வருமானத்தில் ஒரு பங்கை அந்த ஊர்த் திடலுக்குக் கொடு. பெயரைக் கழற்றும் முன் ஊரைக் கேள். இதைத்தான் மாநிலச் சங்கத்துக்கு எழுதச் சொல்கிறோம். துறைமுகத் தொழிற்சங்கத் தோழர்கள் தொடங்கட்டும், உப்பளத் தோழர்கள் கையெழுத்திடட்டும். 2016ல் வென்ற கோப்பை இப்போது எந்த ஊரில், யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.