துளி மின்சாரமும் வசூல் செலவும்

வரி வசூலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது, 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் வகுத்த வரிவிதிப்பு நெறிகளுள் ஒன்று. வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் நடத்திய இந்தப் பாடம் மின்னணுவியலுக்கும் பொருந்தும் என்பதை ஓய்வுபெற்ற பின்னரே அறிந்தேன்.

ஒளி, வெப்பம், அதிர்வு ஆகியவற்றிலிருந்து சிறிதளவு மின்சாரத்தைத் திரட்டி, பேட்டரி மாற்றாமலேயே சிறு கருவிகளை இயக்குவதை 'ஆற்றல் அறுவடை' என்கின்றனர். இது கனவல்ல. மணிக்கட்டின் வெப்பத்தில் ஓடும் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1998-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிக்கல் மின்னழுத்தத்தில் இருக்கிறது. உடலுக்கும் காற்றுக்கும் இடையிலான சில டிகிரி வேறுபாட்டில் ஒரு சிறு வெப்பமின் தகடு தருவது சில பத்து மில்லிவோல்ட் மட்டுமே. சென்சாருக்கோ 2 அல்லது 3 வோல்ட் தேவை. அழுத்தத்தை உயர்த்தித் தர வேண்டிய சுற்றிலுள்ள சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழித்தெழவே ஏறத்தாழ அரை வோல்ட் வேண்டும். பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்தது போன்ற நிலை இது.

லீனியர் டெக்னாலஜியின் எல்டிசி3108 என்ற சில்லு, 1:100 விகிதச் சிறு மின்மாற்றியின் துணையுடன் 20 மில்லிவோல்ட்டிலேயே தொடங்கிவிடும். ஆனால் வரவில் கணிசமான பங்கு மாற்றத்திலேயே கரைந்துவிடுகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ25570 வேறு வழியில் செல்கிறது. தொடங்குவதற்கு 600 மில்லிவோல்ட் கேட்கும். தொடங்கிய பின் வரவு 100 மில்லிவோல்ட்டாக இறங்கினாலும் விடாமல் திரட்டும். முதலீடு திரட்டுவதுதான் கடினம், ஓடத் தொடங்கிய தொழில் சிறு வரவிலும் பிழைத்துக்கொள்ளும் என்று சிறுதொழில் முனைவோர் சொல்வார்களே, அதே கதைதான். தன் பராமரிப்புக்கென அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் இருபது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்மித் கேட்ட சிக்கனம் இதுதான்.

எவ்வளவு எடுப்பது என்பது அடுத்த கேள்வி. மூலத்திலிருந்து மின்னோட்டமே எடுக்காவிட்டால் திறன் பூஜ்யம். அளவின்றி இழுத்தால் அழுத்தம் சரிந்து அப்போதும் பூஜ்யம். உச்சம் இடையில் எங்கோ இருக்கிறது. வரி விகிதத்தையும் வருவாயையும் இணைக்கும் லாஃபர் வளைகோட்டின் வடிவமே இது. அந்த வளைகோட்டின் உச்சி எங்கே என்று பொருளியலாளர்களாகிய நாங்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தச் சில்லோ 16 விநாடிகளுக்கு ஒருமுறை வசூலைச் சற்றே நிறுத்தி, சுமையற்ற நிலையில் மூலத்தின் அழுத்தத்தை அளக்கிறது. சூரியத் தகடாயின் அதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலும், வெப்பமின் தகடாயின் 50 விழுக்காட்டிலும் நின்று வசூலைத் தொடர்கிறது. நிதியமைச்சர்கள் பொறாமைப்படத்தக்க வசதி!

திரட்டியது ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் சென்சார் விழித்து, அளந்து, செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். இடைவிடாது இயங்க வேண்டிய கருவிகளுக்கு இது உதவாது. குழாய், பாலம், தானியக் கிடங்கு போன்றவற்றை அவ்வப்போது கண்காணிக்கப் போதும்.

அத்தகைய இடங்களில் சிறு பேட்டரியின் விலை பெரிதல்ல. ஏணியுடன் ஆளனுப்பி அதை மாற்றும் கூலிதான் பெரிது. பழையதை முறைப்படி திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் நம் நாட்டில் வந்துவிட்டன. ஆயினும், கருவி வாங்கும்போது குறைந்த விலைப்புள்ளிக்கே முன்னுரிமை தரும் வழக்கத்தில் இந்தப் பத்தாண்டுக் கூலி கணக்கிலேயே வருவதில்லை. அரசுத் துறைகள் சென்சார்களுக்கு ஒப்பந்தம் கோரும்போது, பத்தாண்டில் எத்தனை முறை பேட்டரி மாற்ற வேண்டும், உறக்க நிலையில் கருவி எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்ற இரு கேள்விகளையும் விலைக்கு அருகிலேயே கேட்க வேண்டும்.