நீதிபதி மீது புகார் கொடுத்தவருக்கு என்ன நியாயம்?

உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர், அன்றைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி, 2019 ஏப்ரலில் 22 நீதிபதிகளுக்குப் பிரமாணப் பத்திரம் அனுப்பினார். கோகோய் அதை அடியோடு மறுத்தார். மூன்று நீதிபதிகள் கொண்ட குழு விசாரித்தது. ஏப்ரல் 30 அன்று அந்தப் பெண் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். வழக்கறிஞரையோ துணைக்கு ஒருவரையோ அழைத்துவர அனுமதியில்லை, ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ இல்லை, தன் வாக்குமூலத்தின் நகலைக்கூடக் கொடுக்கவில்லை என்று அவர் காரணம் சொன்னார். குற்றச்சாட்டில் சாரமில்லை என்று குழு முடிவு செய்துவிட்டதாக மே 6 அன்று அறிவிப்பு வந்தது. அறிக்கையின் ஒரு பிரதி புகாருக்குள்ளான நீதிபதிக்குப் போனது. புகார் கொடுத்தவர் கேட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் புகார் உண்மையா, பொய்யா என்ற கேள்வியை ஒதுக்கி வைப்போம். தன் புகார் ஏன் தள்ளுபடியானது என்பதைக்கூடப் படிக்க முடியாத நிலையில் ஒருவரை நிறுத்தலாமா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, விசாரணை அறிக்கையை இரு தரப்புக்கும் தரச் சொல்கிறது. ஒரு சாதாரண அலுவலகத்தில் கிடைக்கும் அந்த உரிமை, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வேலை பார்த்தவருக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகார்களைக் கையாள 1999இல் ஏற்கப்பட்ட ‘உள்விசாரணை நடைமுறை’யின் அமைப்பு. நீதிபதியைப் பதவிநீக்க வேண்டுமானால் மக்களவையில் குறைந்தது 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட்டுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். சாமானியருக்கு எட்டாத வழி அது. அவருக்கு இருப்பது உள்விசாரணைதான். உண்மையறியும் முயற்சி மட்டுமே என்று விவரிக்கப்படும் இந்த நடைமுறையில் அறிக்கையின் நகல் நீதிபதிக்கு உண்டு. புகார்தாரரோ தகவல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியவராகவே வைக்கப்பட்டிருக்கிறார்.

இதில் நீதித்துறைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வழக்கில் தோற்றவர்கள் ஆத்திரத்தில் எழுதும் மனுக்கள் ஏராளம். தீர்ப்பு தவறென்றால் மேல்முறையீடு செய்ய வேண்டுமே தவிர, நீதிபதி மீது புகார் எழுதக் கூடாது. நீதிபதிகளோ வெளியே வந்து பதில் சொல்ல முடியாதவர்கள். ஆதாரமற்ற புகார் விசாரணைக்கு முன்பே பகிரங்கமானால் நேர்மையானவர்தான் நொறுங்குவார். ஆகவே தொடக்கத்தில் ரகசியம் தேவை. ஆனால் புகார் கொடுத்தவரிடமிருந்தே முடிவின் காரணத்தை மறைப்பதற்கு இந்த வாதம் எதுவும் உதவாது.

குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த ஒரு பெண்ணின் வழக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது துன்புறுத்தல் புகார் கூறிய அவர், மகளின் பள்ளி ஆண்டுக்கு நடுவே இடமாற்றம் செய்யப்பட்டு, 2014 ஜூலையில் பதவி விலகினார். அந்த உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அமைத்த விசாரணைக் குழுவை 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புகாருக்குள்ளான நீதிபதியின் நிர்வாக, மேற்பார்வை அதிகாரங்களையும் விலக்கி வைக்கச் சொன்னது. சாட்சி சொல்ல வேண்டிய ஊழியர்கள் அதே நீதிபதியின் அதிகாரத்துக்குக் கீழே இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? பிறகு பதவிநீக்கத் தீர்மானத்தின் பேரில் மாநிலங்களவைத் தலைவர் அமைத்த குழு, துன்புறுத்தல் நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் இடமாற்றம் முறையற்றது என்றும் சொன்னது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தப் பதவி விலகல் விருப்பத்தோடு செய்ததல்ல என்று கூறி அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. புகார் நிரூபணமாகாதபோதும் புகார்தாரருக்குச் சேர வேண்டிய நியாயம் அப்படியே இருந்தது. அது கைக்கு வர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்னொரு பயமும் உண்டு. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971இன் ஆறாவது பிரிவு, கீழமை நீதிபதி பற்றி உயர் நீதிமன்றத்திடம் நல்லெண்ணத்தோடு சொல்வது அவமதிப்பாகாது என்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி பற்றிப் புகார் சொல்பவருக்கு இத்தகைய பாதுகாப்பை அந்தப் பிரிவு தரவில்லை.

இங்கிலாந்தில் நீதிபதி மீதான புகார் முறையாகக் கையாளப்படவில்லை என்று கருதுபவர், 2006 முதல் அதற்கென்றே இருக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விசாரணை பிழையாக நடந்திருந்தால் முடிவை ஒதுக்கிவிட்டு மறுபடி விசாரிக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இங்கே அவ்வளவு பெரிய அமைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புகார் கிடைத்தது என்று ஒரு கடிதம், துணைக்கு ஒரு வழக்கறிஞர், சொந்த வாக்குமூலத்தின் நகல், முடிவுக்கான காரணம், விசாரணை முடியும்வரை இடமாற்றமோ பணிநீக்கமோ வராது என்ற உறுதி ஆகியவையே புகார்தாரருக்கு முதலில் தேவை. 1999 நடைமுறையே நாடாளுமன்றச் சட்டமாக வந்ததல்ல. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி ஏற்றுக்கொண்டது. அவர்களே மறுபடி கூடி இவற்றையும் அதில் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.