தொட்டிலுக்கு முன்னே

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் ஆலயத்தில் பிரசவ நந்தி என்று ஒரு நந்தி உண்டு. வீட்டில் ஒருத்தி பிரசவ வேதனையில் தவிக்கும்போது, சுற்றத்தார் வந்து அந்த நந்தியைத் திசை மாற்றி வைத்து வேண்டிக்கொள்ளுவது வழக்கம். உறுவையாறு முதலான சுற்றுக் கிராமங்களிலிருந்து எத்தனை தலைமுறை இப்படி வந்து நின்றிருக்கும்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் சுமார் 200 ஒரு வயது நிரம்புமுன் மாண்டன. பிரெஞ்சுக் கொடி பறந்த நம் ஊரை மட்டும் யமன் விட்டுவைத்திருப்பானா?

இன்று நந்திக்கு வேலை குறைந்துவிட்டது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜிப்மர் ஆஸ்பத்திரி. புதுவைப் பிரதேசத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. 2020-ஆம் வருஷக் கணக்குப்படி தேசம் முழுமைக்கும் சிசு மரணம் ஆயிரத்துக்கு 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. மனம் மகிழ வேண்டிய விஷயந்தான்.

ஆனால் சராசரிக் கணக்கு பொல்லாதது. சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் நடுவில் மூழ்கிய கதை எல்லோரும் அறிந்ததே. 2015-16-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சிசு மரணத்தை வகுப்புவாரியாகப் பிரித்துக் காட்டிற்று. பட்டியல் வகுப்பார் வீடுகளில் ஆயிரத்துக்கு 45. பழங்குடியினர் வீடுகளில் 44. பட்டியலிலோ பிற்பட்டோரிலோ சேராதவர்கள் வீடுகளில் 32. சுதந்திரம் வந்து எழுபது வருஷம் ஆகப்போகிற சமயத்தில் எடுத்த கணக்கு இது!

நம் திண்ணைகளில் இதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்லுவார்கள். 'அந்த வம்சத்து வாகு அப்படி' என்பது ஒன்று. 'படிப்பில்லாததால் வந்த வினை' என்பது மற்றொன்று. முதலாவது அறியாமை. இரண்டாவதில் உண்மை உண்டு. 1979-இல் ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியர், நைஜீரியாவில் இபாதான் நகரத்துக் குடும்பங்களை ஆராய்ந்து, தகப்பனின் உத்தியோகத்தைக் காட்டிலும் தாயின் படிப்பே குழந்தையைக் காக்கிறது என்று கண்டார். படித்தவள் வைத்தியம் கற்றுவிடுகிறாள் என்று பொருளல்ல. மாமியாரின் உத்தரவுக்குக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறாள். டாக்டரை மறு கேள்வி கேட்கிறாள். வீட்டில் அவள் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டாகிவிடுகிறது.

இந்தப் படிப்பு மட்டும் போதுமா? பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறவன் இப்படிக் கேட்பது வேடிக்கைதான். இருந்தாலும் அமெரிக்காவைப் பாருங்கள். 2022-இல் அங்கே வெள்ளையர் வீடுகளில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 4.5, கறுப்பர் வீடுகளில் 10.9. படிப்புக் குறைவுதான் காரணம் என்றால், தாயும் தந்தையும் கல்லூரிப் பட்டதாரிகளாயுள்ள வீடுகளில் இந்தப் பேதம் மறைய வேண்டுமல்லவா? மறையவில்லை. 1992-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், அத்தகைய வெள்ளையர் வீடுகளில் 5.4-ம் கறுப்பர் வீடுகளில் 10.2-ம் இருந்தன. போதிய எடையுடன் பிறந்த குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டபோதோ வித்தியாசம் ஏறக்குறைய இல்லை! அதாவது, கறுப்புத் தாயின் குழந்தை எடை குறைந்து பிறப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அப்படியானால் இரத்தத்தின் குணமோ? அதற்கும் 1997-இல் விடை கிடைத்தது. டேவிட், காலின்ஸ் என்ற இரு டாக்டர்கள் இல்லினாய் ராஜ்யத்துப் பிரசவங்களை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்புப் பெண்களின் குழந்தைகள் சராசரி 3,089 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கே குடியேறிய பெண்களின் குழந்தைகள் 3,333 கிராம். வெள்ளைப் பெண்களின் குழந்தைகள் 3,446 கிராம். நேரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவளின் குழந்தை வெள்ளைக் குழந்தையை நெருங்கி நிற்கிறது. குறை, பிறந்து வளர்ந்த நாட்டில் அவள் அனுபவித்த வாழ்க்கையில் இருக்கிறது.

நம் ஊரிலும் அப்படித்தான். ஊர்த் தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் ஆஸ்பத்திரி ஒன்றே. ஆனால் நிறைமாதம் வரை நாற்று நட்டவளும், சிறு வயது முதல் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டவளும், டாக்டரம்மாள் சொன்னது புரியாமல் தலையாட்டிவிட்டுத் திரும்புகிறவளும் பெரும்பாலும் எந்தத் தெருக்காரி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-21 கணக்குப்படி நம் தேசத்துப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். கடைசி மாதத்து ஊசியும் மருந்தும் பதினெட்டு வருஷத்துப் பசியை ஈடு செய்யுமா?

ஆகையால் சிசுவைக் காப்பாற்றும் வேலை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதல்ல, பத்து வயதுச் சிறுமியின் சாப்பாட்டு இலையில் தொடங்குகிறது. புதுவையில் பிரெஞ்சு அரசாங்கம் 1930-லேயே பள்ளிக்கூடத்தில் மத்தியான உணவு கொடுக்க ஆரம்பித்தது. இப்பொழுது அதனுடன் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரையும் உண்டு. காலையில் பட்டினியாக வந்த பெண் அதை விழுங்கினால் குமட்டும். மறு வாரம் வாயில் போட்டுக்கொள்வதுபோல் பாவனை செய்து ஜன்னல் வழியே எறிந்துவிடுவாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, ஆசிரியை பக்கத்தில் நின்று, தண்ணீரும் கொடுத்து விழுங்கச் செய்தால் எறிய மாட்டாள். இதற்குத் தனிச் செலவு ஒன்றுமில்லை.